புதிர்ப் போட்டிக்கு எந்தப் புதிர்: மனிதர் இயற்றியதா, ஆட்டத்தில் கிடைத்ததா, இயந்திரம் தந்ததா?

பள்ளியிலோ மன்றத்திலோ செஸ் சொல்லித் தருபவர்கள் மாதம் ஒரு முறை புதிர் தீர்க்கும் போட்டி வைக்கலாம் என்று நினைத்தால், புதிர்களை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். முன்பெல்லாம் கையில் இருக்கும் புத்தகத்திலிருந்து பத்துப் புதிர்களைப் படியெடுத்தால் வேலை முடிந்துவிடும். இப்போது மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. புதிர் இயற்றுவதையே கலையாகக் கொண்ட மனிதர்கள் படைத்தவை ஒரு வகை. உண்மையான ஆட்டங்களிலிருந்து கணினி சலித்தெடுத்தவை இரண்டாம் வகை. எந்த ஆட்டத்திலும் வராத நிலையைக் கணினியே புதிதாக உருவாக்கித் தருபவை மூன்றாம் வகை. மூன்றாவது வகையைப் பற்றித்தான் அண்மையில் அதிகம் பேசப்படுகிறது; இயந்திரத்துக்குப் படைப்பாற்றல் வந்துவிட்டதா என்ற விவாதமும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. போட்டி நடத்துபவர் அந்த விவாதத்தைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை முற்றிலும் ஒதுக்கிவிட்டும் அவரால் புதிரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏனென்றால், விடையைக் கண்டுபிடித்த பிறகு தீர்த்தவரின் மனத்தில் என்ன மிஞ்சுகிறது என்பது, அந்தப் புதிர் எப்படி உருவானது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

மனிதர் இயற்றிய புதிர் என்றால் என்ன என்பதற்கு செக்கோஸ்லோவாக்கிய செஸ் வீரர் ரிச்சர்ட் ரெட்டி 1921இல் வெளியிட்ட நிலையைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது. பலகையில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எச்8இல், வெள்ளைச் சிப்பாய் சி6இல் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). கறுப்பு ராஜா ஏ6இல், கறுப்புச் சிப்பாய் எச்5இல். வெள்ளை முதலில் ஆடி டிரா செய்ய வேண்டும். பார்த்தவுடன் நடக்காத காரியம் என்றே தோன்றும். கறுப்புச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்க வெள்ளை ராஜா இரண்டு நகர்த்தல் பின்தங்கி நிற்கிறது. தன் சிப்பாய்க்குத் துணையாகப் போகலாம் என்றாலோ, கறுப்பு ராஜா அதற்கு முன்பே அதை வெட்டிவிடும். ஆக இரண்டு வேலைகளில் எதையும் தனியாகச் செய்ய முடியாது. ரெட்டி இரண்டையும் சேர்த்துச் செய்ய வைக்கிறார். ராஜா ஜி7, எஃப்6 என்று மூலைவிட்டத்தில் இறங்குகிறது. கறுப்புச் சிப்பாய் எச்4க்கு வந்து, அடுத்து எச்3க்கு ஓடினால், வெள்ளை ராஜா இ7க்குச் சென்று தன் சிப்பாயைக் கரை சேர்த்துவிடும். இரண்டு பக்கமும் சிப்பாய் ராணியாகி ஆட்டம் டிரா. அதைத் தடுக்கக் கறுப்பு ராஜா பி6க்கு வந்தால், வெள்ளை ராஜா இ5க்கு இறங்குகிறது. இப்போது அதன் முன் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. கறுப்பு சி6 சிப்பாயை வெட்டினால் ராஜா எஃப்4க்குச் சென்று எச் வரிசைச் சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் சிப்பாயை எச்3க்குத் தள்ளினால் ராஜா டி6க்கு ஏறித் தன் சிப்பாயைக் காப்பாற்றிவிடும். செஸ் பலகையில் ராஜாவுக்கு நேர்வழியும் மூலைவிட்ட வழியும் ஒரே நீளம் என்ற ஒற்றை உண்மையை, வேறெந்தக் காயின் உதவியும் இல்லாமல், மறக்க முடியாதபடி காட்டிவிடுகிறது இந்த நிலை. இதைத் தீர்த்த மாணவர் அடுத்த முறை ராஜா–சிப்பாய் முடிவாட்டம் ஆடும்போது, பலகையை வேறு கண்ணால் பார்ப்பார்.

இத்தகைய புதிர்களுக்கு எழுதப்பட்டும் எழுதப்படாமலும் பல மரபுகள் உண்டு. விடைக்கு ஒரே வழிதான் இருக்க வேண்டும். இயற்றியவர் நினைக்காத வேறொரு வழி இருந்தால் புதிர் கெட்டது என்றே பொருள். முதல் நகர்த்தலிலேயே செக் வைப்பதும் எதிரியின் காயை வெட்டுவதும் நயக்குறைவாகக் கருதப்படும். தேவையில்லாத ஒரு சிப்பாய்கூடப் பலகையில் நிற்கக் கூடாது. புதிர் தீர்ப்பதில் தேர்ந்தவர்கள் இந்தக் கடைசி மரபை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார்கள். ஒரு மூலையில் கறுப்புச் சிப்பாய் ஒன்று சும்மா நிற்பதுபோல் தெரிந்தால், அது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டு, அது எந்த மாற்று வழியை அடைக்கிறது என்பதிலிருந்து உண்மையான வழியை ஊகித்துவிடுவார்கள். அதாவது, அவர்கள் நிலையை மட்டும் படிப்பதில்லை. இயற்றியவரின் எண்ணத்தையும் சேர்த்தே படிக்கிறார்கள். புதிர் தீர்ப்பதன் இன்பத்தில் பாதி இந்த மறைமுக உரையாடலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பயிற்சிக் கண்ணோட்டத்தில் இதுவே ஒரு குறையும் ஆகும். உண்மையான ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நமக்காகக் காய்களை அடுக்கி வைப்பதில்லை. அங்கே பல காய்கள் காரணமின்றித்தான் நிற்கின்றன. இயற்றிய புதிர்களிலேயே ஊறிய மாணவர், ஆட்டத்தில் இல்லாத அழகைத் தேடி நேரத்தை இழப்பதுண்டு.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பழைய நூலில் இருப்பதாலேயே ஒரு நிலையின் விடை சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ராஜாவும் இரு மந்திரிகளும் (பிஷப்) ஒரு பக்கம், ராஜாவும் குதிரையும் மறுபக்கம் என்ற முடிவாட்டத்தில், குதிரைப் பக்கம் ஒரு குறிப்பிட்ட அரணுக்குள் புகுந்துகொண்டால் டிரா என்று நூலாசிரியர்கள் கிளிங்கும் ஹார்விட்ஸும் 1851இல் எழுதியதை உலகம் 130 ஆண்டுகளுக்கு மேல் நம்பிவந்தது. 1983இல் கணினி அறிஞர் கென் தாம்ப்சன் அந்த முடிவாட்டம் முழுவதையும் கணினியில் கணக்கிட்டபோது, அரணை உடைக்கலாம் என்பதும், மந்திரிகள் பக்கமே பொதுவாக வெல்லும் என்பதும் வெளிப்பட்டன. இன்று ஏழு காய்கள் வரையுள்ள எல்லா நிலைகளுக்கும் முடிவு கணக்கிடப்பட்டுவிட்டது. குறிப்பிட்ட நகர்த்தல்களுக்குள் எதிரி ராஜாவை வீழ்த்தும் நேரடி மேட் புதிர்களைச் சரிபார்க்க ‘பாப்பாய்’ போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. ஆகவே பழைய புதிரைப் போட்டிக்கு எடுப்பவர் அதை ஒரு முறை கணினியில் ஓட்டிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால், தாமாகவே தொல்லையை விலைக்கு வாங்குகிறார். கூர்மையான மாணவர் ஒருவர் இரண்டாவது விடையோடு எழுந்து நின்றால் மதிப்பெண் சண்டை மாலை வரை ஓயாது.

இரண்டாம் வகைக்கு இன்று பெரும் ஊற்று இணையத்தில் செஸ் ஆடும் லிச்செஸ் தளத்தின் திறந்த புதிர்த் தொகுப்பு. அங்கே ஆடப்பட்ட கோடிக்கணக்கான ஆட்டங்களை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணிப்பு நிரல் (என்ஜின்) அலசி, ஒருவர் தவறு செய்த இடத்தையும் அதைத் தண்டிக்க மற்றவருக்கு ஒரே ஒரு நல்ல வழி இருந்த இடத்தையும் பிரித்தெடுக்கிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிர்கள் இப்படிச் சேர்ந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எந்த உரிமைத் தடையும் இன்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு புதிரிலும் யார் எத்தனை முறை தோற்றார்கள், வென்றார்கள் என்பதை வைத்து அதற்கே, ஆட்டக்காரரின் வலிமையைக் காட்டும் எண்ணைப்போல், ஒரு ரேட்டிங் கணக்கிடப்படுகிறது. போட்டி நடத்துபவருக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை. 1200 ரேட்டிங் உள்ள மாணவர்களுக்கு 1300 அளவில் ஆறு புதிர், 1600 அளவில் இரண்டு புதிர் என்று அளந்து எடுக்கலாம். ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), ‘பின்’ (நகர முடியாதபடி காயைக் கட்டிப்போடுவது), கடைசி வரிசையில் ராஜாவை மடக்கும் மேட் என்று கருவைச் சொல்லியும் சலிக்கலாம். மனிதர் இயற்றிய புதிரில் ‘எளிது’, ‘கடினம்’ என்பது தொகுப்பாசிரியரின் ஊகம்தான். இங்கே அது ஆயிரக்கணக்கானோர் தீர்க்க முயன்றதன் விளைவு.

அந்தத் தொகுப்பைக் கோப்பாக இறக்கிப் பயன்படுத்துபவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தரப்படும் நிலை, எதிரி தவறு செய்வதற்கு முந்தைய நிலை; நகர்த்தல் பட்டியலில் முதலாவதாக இருப்பது எதிரியின் அந்தத் தவறான நகர்த்தல். அதை ஆடிய பிறகு கிடைக்கும் நிலைதான் புதிர். இது தெரியாமல் தந்திருக்கும் நிலையை அப்படியே படமாக அச்சிட்டால், ஆட வேண்டிய பக்கமே மாறிப் போய்விடும்.

இந்த வகையின் குறை, தொடர்ந்து தீர்ப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் கவனக்குறைவாக விட்டதை மற்றவர் செக் வைத்து, வெட்டி, லாபம் பார்ப்பதே பெரும்பாலான புதிர்களின் சாரம். செக், வெட்டு, மிரட்டல் என்ற வரிசையில் தேடு என்று நாம் சொல்லித்தரும் சூத்திரமே பத்தில் ஏழெட்டுப் புதிர்களைத் திறந்துவிடும். பயிற்சிக்கு அது வேண்டியதுதான். ஆனால் பரிசுப் போட்டியின் கடைசிப் புதிராக அப்படி ஒன்றை வைத்தால், அரங்கில் பெருமூச்சு ஒன்றும் எழாது.

மூன்றாம் வகைக்கு வருவோம். கணினி செஸ் புதிரைத் தீர்ப்பது பழைய செய்தி. 1951இல் மான்செஸ்டரில் டீட்ரிஷ் பிரின்ஸ் எழுதிய நிரல், ஃபெராண்டி மார்க் 1 கணினியில் இரண்டு நகர்த்தல் மேட் ஒன்றைக் கண்டுபிடித்தது. முழு ஆட்டம் ஆடும் வலு அந்தக் கணினிக்கு இல்லாததால்தான் அவர் புதிரைத் தேர்ந்தெடுத்தார். தீர்ப்பதற்கும் இயற்றுவதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. தீர்க்கும்போது இலக்கு தெளிவு: மேட் ஆயிற்றா, இல்லையா என்பதுதான் கேள்வி. இயற்றும்போது, எந்த நிலை தேடத் தகுந்தது என்பதையே இயந்திரம் முடிவு செய்தாக வேண்டும்.

இந்தத் தூரத்தைக் கடக்க நடந்த முயற்சிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, மலேசிய ஆய்வாளர் அஸ்லான் இக்பால் உருவாக்கிய செஸ்தெட்டிகா நிரல். செஸ் அழகைச் சில அளவைகளாகப் பிரித்து எண்ணாக்கும் முறையை முதலில் வகுத்த அவர், பிறகு ஒரு விந்தையான படைப்பு முறையைச் சேர்த்தார்: செஸ் புதிர் ஒன்றின் பண்புகளையும், ஓவியமோ புகைப்படமோ இசைத் துணுக்கோ போன்ற முற்றிலும் வேறு பொருள் ஒன்றின் பண்புகளையும் எண்களாகப் பிரித்துக் கலந்து, அதிலிருந்து புதிய நிலைக்கான வரையறையைப் பெறுவது. ஓவியத்துக்கும் மேட்டுக்கும் என்ன உறவு என்று சிரிப்பு வரலாம். தொடர்பில்லாத இரண்டை உரசிப் பார்ப்பது மனிதப் படைப்பாளிகளும் செய்வதுதான் என்பதால், நான் சிரிக்க மாட்டேன். ஆனால் விளைவைப் பார்க்கும்போது, புதிர் இயற்றும் மரபில் வளர்ந்தவர்களுக்கு நெருடும் இடங்கள் உண்டு. வெள்ளைக்கு ஏற்கெனவே அளவுக்கு மீறிய பலம் இருக்கும் நிலைகளும், விடையில் பங்கேற்காத காய்கள் வேடிக்கை பார்க்கும் நிலைகளும் கலந்து வருகின்றன. சாதாரண ஆட்டக்காரர் ரசிப்பதே தம் நோக்கம், இயற்றுவோர் மரபு அல்ல என்பது அஸ்லான் இக்பாலின் நிலைப்பாடு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மற்றொன்று, கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட பணி. அவர்கள் லிச்செஸ் புதிர்களைக் கொண்டு சில வகைச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு (மாடல்) புதிய நிலைகளை உருவாக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதன்மேல் பரிசு–தண்டனைப் பயிற்சியையும் சேர்த்தார்கள். விடை ஒன்றே ஒன்றாக இருந்தால், மேலோட்டமாகத் தேடும்போது மோசமாகத் தெரிந்து ஆழமாகத் தேடும்போது சிறந்ததாகும் நகர்த்தல் இருந்தால், நிலை உண்மை ஆட்டம்போல் இருந்தால், முன்பு உருவாக்கியதையே திரும்பத் திரும்பத் தராமல் இருந்தால் பரிசு. இந்தப் பயிற்சிக்கு முன், உள்ளுணர்வுக்கு எதிரான புதிர்கள் என்று அவர்கள் வகுத்த அளவுகோலைத் தாண்டியவை 0.22 சதவீதம், பயிற்சிக்குப் பின் 2.5 சதவீதம். பத்து மடங்குக்கும் மேல் என்று பார்த்தால் பாய்ச்சல்தான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் புதிர்த் தொகுப்பில் அந்த விகிதம் 2.1 சதவீதம் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. தவறு செய்யும் மனிதர்கள் தற்செயலாக விட்டுச்சென்ற நிலைகளோடு ஒப்பிட்டால் இயந்திரம் முந்தியது சிறிதளவே. நூறு நிலைகளில் 97க்கு மேல் அந்த அளவுகோலிலேயே தேறவில்லை என்பதும் இதிலேயே அடக்கம்.

தேறியவற்றிலிருந்து ஒரு சிறு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, புதிர் இயற்றுவதில் இன்டர்நேஷனல் மாஸ்டரான அமாட்ஸியா அவ்னி, கிராண்ட்மாஸ்டர்கள் ஜோனதன் லெவிட், மேத்யூ சாட்லர் ஆகிய மூவரிடம் கொடுத்தார்கள். மூவரும் அவற்றின் படைப்பாற்றலை ஏற்றுக்கொண்டார்கள். நான் இந்தத் தீர்ப்பைக் குறைத்து மதிக்கவில்லை. லெவிட் செஸ் அழகை முரண், ஆழம், வடிவியல், ஓட்டம் என்ற நான்கு கூறுகளாகப் பிரித்து முன்பே எழுதியவர். எதைத் தேட வேண்டும் என்று அறிந்தவர். ஆனால் அவர் கைக்கு வந்தது, பெருங்குவியலில் பொறுக்கிய சில நிலைகள் மட்டுமே. இயந்திரம் கொட்டியதில் எது புதிர், எது வெறும் நிலை என்று பிரித்த வேலையில் மனிதக் கண்ணுக்கும் பங்கு உண்டு. படைப்பு என்று நாம் மெச்சுவதில் ஒரு பகுதி அங்கேதான் நடந்திருக்கிறது. ரெட்டியின் நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு காய்களுக்கான முழுக் கணக்கும் கணினியில் இருக்கிறது; அந்த நிலை டிரா என்பதும் அதற்குத் தெரியும். ஆனால் ராஜாவைச் சிப்பாயிலிருந்து அவ்வளவு தொலைவில், எச்8 மூலையில் வைத்தால்தான் பார்ப்பவர் முதலில் கைவிடுவார், பிறகு வியப்பார் என்பது அந்தக் கணக்கில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

செஸ் அழகைப் பற்றி 1977இல் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மார்குலிஸ் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று இங்கே பொருந்தும்: விசித்திரமோ கடினமோ மட்டும் அழகைத் தந்துவிடாது. உள்ளுணர்வுக்கு எதிராக இருப்பதைப் பரிசாக வைத்தால், இயந்திரம் உள்ளுணர்வுக்கு எதிரானதைத்தான் தேடும்; தீர்த்தபின் ‘இப்படித்தான் இருந்தாக வேண்டும்’ என்று தோன்றவைப்பதை அது தேடவில்லை, ஏனென்றால் அதை எண்ணாக்கி யாரும் கொடுக்கவில்லை. இது நிரந்தரத் தடை என்று நான் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு உள்ள நிலைமை இது.

இயந்திரப் புதிருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று, யாரும் முன்பு பார்த்திராதது என்பது. போட்டிக்கு அது முக்கியம்தான். புத்தகப் புழுக்கள் பழைய புதிர்களைப் பார்த்த மாத்திரத்தில் விடை எழுதிவிடுவார்கள். ஆனால் 40 லட்சம் ஆட்டப் புதிர்களை எவரும் மனப்பாடம் செய்துவிட முடியாது என்பதால், இந்த ஆதாயம் இரண்டாம் வகையிலும் கிடைக்கிறது. அதைவிட வலுவான வாதம் வேறொன்று இருக்கிறது. மனிதர் இயற்றிய புதிரில் இயற்றியவரின் எண்ணத்தை ஊகித்தும், ஆட்டப் புதிரில் செக்–வெட்டுச் சூத்திரத்தைப் பிடித்தும் தப்பித்துக்கொள்பவர், நல்ல இயந்திரப் புதிர் ஒன்றின் முன் இரண்டு ஊன்றுகோல்களையும் இழந்து நிற்கிறார். அங்கே ஓரமாக நிற்கும் சிப்பாய்க்குக் காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் நகர்த்தல் செக்காக இருக்கலாம், ஓசையின்றி நகரும் ராஜாவாகவும் இருக்கலாம். கணக்கிட்டே ஆக வேண்டும். தேர்ந்த மாணவர்களுக்கு இது கசப்பானாலும் நல்ல மருந்து.

ஆகவே என் தேர்வு மாணவரைப் பொறுத்து மாறும். ஆட ஆரம்பித்து ஓரிரு ஆண்டுகளே ஆன பிள்ளைகளுக்கு இயந்திரப் புதிரே வேண்டாம். ஏறத்தாழ எல்லாமே ரேட்டிங் பார்த்து எடுத்த ஆட்டப் புதிர்களாகவும், கடைசியில் ரெட்டியைப் போன்ற நான்கைந்து காய் நிலை ஒன்றாகவும் இருக்கட்டும். அந்த ஒன்றுதான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டும் புதிர். போட்டிகளில் ஆடி ரேட்டிங் பெற்ற மாணவர்களுக்குப் பத்தில் ஆறு ஆட்டப் புதிர், மூன்று இயற்றிய புதிர், ஒன்று இயந்திரப் புதிர் என்பது என் கணக்கு. அந்த ஒன்றைப் பொறுப்பாசிரியர் தாமே முதலில் தீர்த்துப் பார்த்து, விடை கண்டபின் தமக்கு ஏதாவது தோன்றியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எரிச்சல் மட்டும் தோன்றியிருந்தால் அதைத் தள்ளிவிடலாம், குவியலில் வேறு நிறைய இருக்கின்றன. பரிசுக்குரிய பொதுப் போட்டியாக இருந்தால் இந்த விகிதத்தைத் திருப்பி, இயற்றிய புதிர்களைப் பாதிக்கு மேல் வைப்பேன். காசு கட்டி வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தவருக்கு, எழுந்து போகும்போது சொல்லிக்கொள்ள ஒரு நிலையாவது வேண்டும்.

எதை எடுத்தாலும் தாளில் அதன் பிறப்பைக் குறிப்பது நல்லது. இயற்றிய புதிர்களின் படத்துக்கு மேலே இயற்றியவர் பெயர், வெளிவந்த இதழ், ஆண்டு, பெற்ற பரிசு ஆகியவற்றை எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆட்டப் புதிருக்கு எந்தத் தொகுப்பு என்று போட்டால் போதும். இயந்திரப் புதிருக்கு நிரலின் பெயரையும் ஆண்டையும் எழுதலாம், கூடவே அதைக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயரையும் எழுத வேண்டும். உங்கள் மன்றத்தில் நீங்களே தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் பெயரைப் போடத் தயங்க வேண்டியதில்லை.